மேடம் சுட்ட கிடா

பேறுகாலம் பார்க்க வெளிநாடு போய்வந்த அம்மாக்கள் திருச்சியில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். போகும்போது பிரசவ லேகியம், சுக்கு, வடகம், மிளகாய்த்தூள் என்று பெட்டியை அமுக்கி மூடிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது சாக்லேட்டும், மூட்டுவலித் தைலமும், பேரக்குழந்தை கொட்டாவி விடுகிற நானூறு போட்டோக்களும் கொண்டுவருவார்கள். போன இடத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பனிமலை ஏறி ஆடு சுட்டுவிட்டு வந்தவர், எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். எங்கள் மேடம்.

பெயர் வேண்டாம். எழுதினால் போன் போட்டு, இனிஷியலில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்பார். துவாக்குடிப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் மேடம் என்றால் அவர் மட்டும்தான். சர்க்கரை ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் நீராவிக் குழாய் செய்து கொடுக்கிற கம்பெனி அது. நான் வெல்டர், அவர் இன்ஸ்பெக்டர். நான் பற்றவைப்பேன், அவர் பார்ப்பார். சரியாக இருந்தால் சாக்பீஸால் 'ஓகே' என்று எழுதுவார். இல்லாவிட்டால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த இடத்தை அறுத்து, அரைத்து, மறுபடி முதலிலிருந்து பற்றவைக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் என் வேலையில் அவர் போட்ட வட்டங்களை வரிசையாக வைத்தால் ஒரு கோலப் போட்டியே நடத்தியிருக்கலாம்.

பத்துக் குழாய்க்கு ஒன்றுதான் எக்ஸ்ரேக்குப் போகும். மீதி ஒன்பதும் மேடத்தின் வலது கண்ணை நம்பித்தான் லாரி ஏறும். இடது கண்ணை மூடிக்கொண்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, குழாயோடு குழாயாகக் குனிந்து ஒரு சுற்று வருவார். கம்பெனி அவருக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தது. மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க அது உதவியது. ஐம்பத்தேழு வயதில் மூக்குக்கண்ணாடியும் கிடையாது. "அது ஓட்டை இல்ல மேடம், கரி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்று யாராவது வாதாடினால் பதிலுக்கு வாதாட மாட்டார்.

"நான் பார்த்தாச்சுல்ல?" என்பார். பேச்சு முடிந்தது.

கரியைத் தட்டிப் பார்த்தால் அடியில் ஊசித்துளை இருக்கும். ஒரு தடவையாவது இல்லாமல் இருந்து தொலைக்கக் கூடாதா என்று வயிறு எரியும்.

அந்தத் துளை மேல் அவருக்கு ஏன் அத்தனை வன்மம் என்று ஒருமுறை கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு ஆலையில் குழாய் இணைப்பு விட்டுப்போய் ஓர் ஆள் வெந்துபோனதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். "நீராவின்னா இட்லிப் பானையில வர்ற மாதிரி வெள்ளையா வரும்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அவ்வளவு சூட்டுல, அவ்வளவு அழுத்தத்துல அது கண்ணுக்கே தெரியாது தம்பி. சும்மா நடந்து போறவன் மேல கத்தி மாதிரி அடிக்கும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் மிக ஒழுங்காக வேலை பார்த்தேன்.

அந்தக் கண்ணின் புகழ் கம்பெனிக்கு வெளியேயும் இருந்தது. மேடம் குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவரவர் பஸ்ஸுக்கு மாறுவோம். பஸ் மூலையில் திரும்பித் தலையைக் காட்டும்போதே மேடம் போர்டைப் படித்துவிடுவார். நாங்கள் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் சரியான இடத்தில் போய் நின்றிருப்பார். ஜன்னல் சீட் எப்போதும் அவருக்குத்தான். "ஏம்மா, அது ஸ்ரீரங்கமா, உறையூரா?" என்று பெரியவர்கள் அவரைக் கேட்டுத்தான் நகர்வார்கள்.

அப்பேர்ப்பட்ட கண்ணை எடுத்துக்கொண்டு மேடம் நியூசிலாந்து போனார். ஒரே மகள் அங்கே. கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆறு மாதம் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்த முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதையும் வேட்டைக் கதைக்கு எடுத்துக்கொண்டார். பேரன் பெயர் என்ன என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மகள் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் எழுபது வயதுக் கிழவர். ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர், மலையில் வேட்டையாடிப் பழகியவர். காலேஜில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டு மெடல் வாங்கியதை மேடம் அவரிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லாத தீபாவளி கிடையாது, அவரிடம் மட்டும் விடுவாரா? கிழவர் வேலி மேல் ஐந்து தகர டப்பாவை வைத்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். மேடம் ஐந்தையும் தட்டினார். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும், மகள் கத்தக் கத்த, கிழவரோடு நாலு நாள் மலைக்குக் கிளம்பிவிட்டார்.

"என்ன மிருகம் மேடம்?" என்று கேட்டான் செல்வம். எங்கள் கம்பெனியில் கிரைண்டர் ஓட்டுகிறவன்.

"வரையாடு."

செல்வம் சோற்றை அப்படியே வைத்துவிட்டான். "ஐயையோ, அதைச் சுட்டா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களே! நம்ம ஸ்டேட்டோட மிருகம்ல அது?"

"அது நம்ம வரையாடு. இது அதுக்கு இமயமலைப் பங்காளி. எந்தக் காலத்துலயோ வெள்ளைக்காரன் கொண்டுபோய் அங்க விட்டுட்டான். பெருகிப் பெருகி மலையில இருக்கிற புல்லு பூண்டு எல்லாத்தையும் மேஞ்சிடுச்சாம். இப்ப கவர்மென்ட்டே சுடுங்கன்னு சொல்லுது."

"அப்ப நம்ம நாட்டு ஆடுதான். விசா முடிஞ்சும் திரும்பி வரல."

"அதேதான்" என்றார் மேடம்.

மாப்பிள்ளையின் பேன்ட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மகளின் கோட்டுக்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு அவர் ஏறிய மலை எங்களுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முதலில் ஓர் ஆறு. நம் காவிரி அகலம், ஆனால் மணலுக்குப் பதில் முழுக்கக் கல். தண்ணீர் ஐந்தாறாகப் பிரிந்து ஓடும். பூட்ஸோடு இறங்கி, பூட்ஸ் நிறைய ஐஸ் தண்ணீரோடு அந்தக் கரை ஏற வேண்டும். அதன் பிறகு சரளைச் சரிவு. இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கும். பிடித்துக்கொள்ள ஒரு புல் உண்டு, அதன் நுனி ஊசி. தங்கியது ஒரு தகரக் குடிசையில். கோழி அளவுக்கு ஒரு பச்சைக் கிளி வந்து, வாசலில் காயவைத்திருந்த பூட்ஸின் கயிற்றை உருவிக்கொண்டு போய்விட்டதாம். மீதி மூன்று நாளும் சணலைக் கட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்.

வாசனைதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று கிழவர் சொல்லியிருந்தார். சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. காற்று ஆட்டுப் பக்கமிருந்து நம் பக்கம் வர வேண்டும், நம்மிடமிருந்து ஆட்டுக்குப் போகக் கூடாது. மேடம் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் செய்தார். ஆனால் தோள்பையில் புளிச்சோறு இருந்தது. நல்லெண்ணெயும் கூட்டுப் பெருங்காயமும் போட்டுக் கிளறிய புளிச்சோறு. முதல் நாள் மத்தியானம், எதிர்ப் பாறையில் ஒரு கூட்டமே மேய்ந்துகொண்டிருக்க, பசிக்கிறது என்று டப்பாவின் மூடியைத் திறந்தார்.

"பெரிய கிடா ஒண்ணு தலையைத் தூக்கி ஒரு விசில் அடிச்சுது பாருங்க. கண்டக்டர் விசில் அடிச்ச மாதிரி மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போயிடுச்சு."

"பெருங்காய வாசனைக்கா மேடம்?" என்றேன்.

"என் மேல தப்பில்ல. காத்து திடீர்னு திரும்பிடுச்சு."

ஆடுதான் போய்விட்டதே என்று கிழவர் அங்கேயே உட்கார்ந்து புளிச்சோற்றில் பாதியைச் சாப்பிட்டாராம்.

காற்று மேல் பழி போட்டதில் எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. மேடம் வாயிலிருந்து 'என் தப்பு' என்று வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை சாம்பார் டப்பா திறந்து ஃபைல் முழுக்கக் கொட்டியபோது டப்பா மூடியின் திருகுமரை சரியில்லை என்று அதை அளந்தே காட்டினார். இன்னொரு முறை மாடிப்படியில் தடுக்கி விழுந்தவர், எழுந்திருக்கும் முன் படியின் உயரத்தைத்தான் குறை சொன்னார். படி நிஜமாகவே அரை அங்குலம் கூடுதலாக இருந்தது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள்தான் வேட்டை கைகூடியது. கிழவர் பைனாகுலரை நீட்டியிருக்கிறார். "எனக்கு எதுக்கு?" என்று மேடம் தள்ளிவிட்டார். இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் பெருமையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மேடத்துக்கா பைனாகுலர்? அரை மணி நேரம் வயிற்றால் ஊர்ந்து ஒரு பாறை விளிம்புக்குப் போனார்கள். எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கறுப்பாக ஒன்று நின்றது.

"பிடரி இருக்கே, சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி. கொம்பு ரெண்டும் பின்னால வளைஞ்சு, ஆள் பார்க்கவே ஒரு தோரணை. மூச்சை அடக்கினேன். ஒரே குண்டு."

கைதட்டினோம். செல்வம் விசிலே அடித்தான். போட்டோ கேட்டோம். போனைத் திறந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டினார். மேடம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மப்ளர், துப்பாக்கி, பனி. முன்னால் ஓர் ஆடு கிடந்தது. மேடம் சிரிக்கவில்லை.

"பிடரி எங்க மேடம்?" என்றான் செல்வம்.

"காத்துல படிஞ்சிடுச்சு."

"கறி எப்படி இருந்துச்சு?"

"மணியாச்சு, போய் வேலையைப் பாருங்க" என்று போனை மூடிவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் அவருக்கு இந்தக் கதையைச் சொல்ல வழியே இல்லை. வீட்டுக்கார மாமி, வாடகைக்கு விடும்போதே முட்டை ஓடுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் விட்டிருந்தார். மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த மேடம் அந்த வார்த்தையைப் பதினைந்து வருஷம் காப்பாற்றினார். கறி வேண்டுமென்றால் துவாக்குடியோடு சரி. "ஏன்டிம்மா, பனிமலைக்கெல்லாம் போய்ட்டு வந்திருக்கியாமே, அங்க ஏதாவது க்ஷேத்திரம் உண்டோ? சேவிச்சியோ?" என்று மாமி கேட்டிருக்கிறார். "மூணு நாள் ஏறினேன் மாமி. மூணாம் நாள் சாயங்காலம்தான் தரிசனம் கிடைச்சுது" என்றாராம் மேடம். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேட்டைக்குப் போய்வந்ததால் எங்களுக்கு விளைந்த நஷ்டம் ஒன்று உண்டு. யார்டில் குழாய்கள் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் நாங்கள் பீடி பிடிக்கவும் போன் பார்க்கவும் ஒதுங்குவோம். முன்பெல்லாம் மேடம் வருவது தூரத்திலேயே தெரியும். திரும்பி வந்த பிறகு அவர் நேராக வருவதை விட்டுவிட்டார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். "பீடி வாசனை அங்க வரைக்கும் வருது. இதே ஆடா இருந்தா நீங்க எல்லாம் செத்தீங்க" என்பார். மோப்பம் பிடித்தது அவர், சாவது நாங்கள்; இதில் ஆடு யார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது யோசித்தால், அவர் அப்படிக் கிட்டே வந்து நின்றதற்கு வேறு காரணமும் இருந்திருக்க வேண்டும். அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், சத்திரத்தில் மேடம் உறையூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "மேடம், இது உறையூர் போகுது" என்றேன்.

"தெரியும். அங்க ஒரு சேலை எடுக்கணும்" என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது. உறையூரில் சேலை எடுப்பது நடக்காத காரியம் இல்லை. மறுநாளும் அவர் பஸ் ஸ்டாண்டில் யாராவது போர்டைச் சத்தமாகப் படிக்கும்வரை நகராமல் நின்றார். நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பதினோரு வருஷமாகக் கல்லில் செதுக்கிய மாதிரி மனதில் இருக்கிற ஒன்றை யார் போய் யோசிப்பார்கள்?

யோசிக்க வைத்தது என் வேலைதான். மாசியில் ஒரு சர்க்கரை ஆலைக்கு அவசரமாகக் குழாய் போக வேண்டியிருந்தது. கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாள். ஓர் இணைப்பின் அடிப்பக்கம் சரியாக உருகாமல் ஊசித்துளை விழுந்திருந்தது எனக்கே தெரிந்தது. அறுத்துவிட்டு மறுபடி செய்ய அலுப்பாக இருந்தது. எப்படியும் மேடம் பிடித்து வட்டம் போடுவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மேடம் வந்தார், குனிந்தார், டார்ச் அடித்தார், ஒரு சுற்று வந்தார். 'ஓகே' என்று எழுதிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டார்.

முதலில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேடத்தையே ஏமாற்றிவிட்டேன்! செல்வத்துக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். என் வடையைப் பாதியில் கீழே வைத்தேன். அவர் பார்க்காமல் விட்டது இந்த ஒன்றுதானா? நியூசிலாந்திலிருந்து திரும்பி வந்ததிலிருந்து எத்தனை லாரி போயிருக்கிறது? அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் யார் யார் நடந்துகொண்டிருக்கிறார்கள்?

திரும்பிப் போய் அவர் மேஜை முன் நின்றேன். "மேடம், அந்த ரெண்டாவது குழாய்ல ஓட்டை இருக்கு."

"எந்த ரெண்டாவது?"

"நான் பண்ணது. இப்ப நீங்க ஓகே போட்டது."

"நான் பார்த்தாச்சுல்ல?"

"இருக்கு மேடம். நான்தான் பண்ணேன். எனக்குத் தெரியும்."

"பண்ணவரு நீங்க. பாக்குறவ நான்" என்றார். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். கிரைண்டர்கள் நின்றன. அவர் முகம் சிவந்திருந்தது. நான் என் இடத்துக்கு வந்துவிட்டேன். அவமானமாக இருந்தது, யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் யார்டில் குழாய் அடுக்கு மேல் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்தார். இந்த முறை நேராக, செருப்பைத் தேய்த்துக்கொண்டு, வருவது தெரியும்படி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸ் கொண்டுவரவில்லை.

"தம்பி, அது கிடா இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எது மேடம்?"

"நான் சுட்டது. பெட்டை."

எதிரில் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பனி மேல வெயில் பட்டு எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருந்துச்சு. கறுப்பா ஒண்ணு நிக்குது, அது மட்டும் தெரிஞ்சுது. கிழவர் பைனாகுலர்ல பார்த்துட்டு என் காதுக்கிட்ட குனிஞ்சு, 'ஷி ஹாஸ் எ கிட்'டுன்னார். மூணு நாளா நாங்க எம் பொண்ணைப் பத்தியும் குழந்தையைப் பத்தியும்தான் பேசிட்டு இருந்தோம். இந்த மனுஷன் இந்த நேரத்துல போய் எதுக்கு எம் பொண்ணைப் பத்திப் பேசுறாருன்னு நினைச்சேன். 'எஸ், த்ரீ மன்த்ஸ்'னு சொல்லிட்டுச் சுட்டுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவரும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது.

"சின்ன கிளாஸ்ல படிச்சோமே, கௌ காஃப், கோட் கிட்னு. இம்போசிஷனே எழுதியிருக்கேன். அந்த நேரத்துக்கு வரல பாருங்க."

"அவர் சரியா சொல்லியிருக்கணும் மேடம்."

"அப்படித்தான் நானும் இத்தனை மாசமா சொல்லிக்கிட்டேன். அவர் பேசுற இங்கிலீஷ் சரியில்லன்னு." புடவை முந்தானையால் வலது கண்ணைத் துடைத்தார். "கிட்ட போனப்பதான் பார்த்தேன். அது கால் பக்கத்துலயே, புல்லோட புல்லா ஒரு குட்டி படுத்திருந்திருக்கு. எங்களைப் பார்த்ததும் ஓடுச்சு. கொஞ்ச தூரம் போய் நின்னுட்டு, திரும்பி வந்துச்சு. விரட்டினா ஓடுது, மறுபடியும் வருது. கிழவர் ஒரு வார்த்தை திட்டல. போட்டோ எடுக்கவான்னு கேட்டார். எடுங்கன்னு சொன்னேன் தம்பி. ஏன் சொன்னேன்னு எனக்கே இன்னும் புரியல. குட்டி அங்கயே நிக்குது, நான் உக்காந்து போட்டோ எடுத்துக்கிறேன்."

 மேடம் லாரியிலிருந்து பார்வையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"இங்கிலீஷ் எல்லாம் இல்ல. பைனாகுலரைக் கொடுத்தாரு, நான் வாங்கல. என் கண்ணுக்குத் தெரியல, தெரியுதுன்னு சொன்னேன். என் தப்பு."

அதைச் சொன்ன குரல் எனக்குப் புதிது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. பதினோரு வருஷம் என்னை வறுத்தெடுத்த பொம்பளைக்காக.

எழுந்தார். உள்ளே போய் அந்தக் குழாயில் எழுதிய 'ஓகே'யைக் கையால் அழித்துவிட்டு, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் வட்டம் போட்டார். அங்கிருந்து நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னால் போய்க் கதவருகில் நின்றேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று மேடம் அவரிடம் சொன்னார்.

முதலாளி நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். "புத்தூர்ல நல்ல ஆஸ்பத்திரி இருக்கு மேடம், கண்ணுல புரைன்னா அரை மணி நேர வேலை. பண்ணிட்டு வாங்க. இது நம்மளோட இருக்கட்டும்" என்றார்.

"நான் லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து பாஸ் பண்ணது எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும் சார். யார்டுல இருக்கிறது, அனுப்பினது, எல்லாம்."

"அனுப்பினதை எப்படிங்க? கம்பெனி பேரு என்னத்துக்கு ஆகும்?"

மேடம் அங்கேயே நின்று, அவர் கண் முன்னாலேயே போனை எடுத்து, சர்க்கரை ஆலையின் பொறியாளரைக் கூப்பிட்டார். தன் பெயரையும் வேலையையும் சொல்லி, "எனக்குக் கண் தெரியல சார். நான் கையெழுத்துப் போட்ட குழாயில ஆவி விடாதீங்க" என்றார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அடுத்த நாலு நாள் நானும் அவரும் யார்டில் இருந்தோம். மேஜையில் கிடந்த பூதக்கண்ணாடியைத் தூசி தட்டி எடுத்துவந்தார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பாருங்க" என்பார். வெயிலில் மண்டை காய்ந்தது. மூன்று வட்டங்கள் விழுந்தன. மூன்றில் இரண்டு என் வேலை. மூன்றாவதும் என்னுடையதோ என்று எனக்குச் சந்தேகம், வாயைத் திறக்கவில்லை. ஆலையில் ஓர் இணைப்பை அறுத்து எடுத்துவிட்டு வேறு போட்டதாகச் செய்தி வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். மேடத்துக்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து ஓய்வு என்று அனுப்பி வைத்தார்கள்.

கடைசி நாள் கேட் வரை கூடப் போனேன். "நான் சொல்லாம இருந்திருக்கலாம் மேடம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அவர் வேலையைப் பறித்தது நான்தான்.

"இருந்திருக்கலாம். அப்புறம் உங்களை நான் எதுக்குத் தம்பின்னு கூப்பிடணும்?" என்றார். கடிகாரம் கனமாக இருந்தது, பஸ் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

புத்தூரில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, சில மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் நடமாடினார். பிறகு மகளோடு இருக்கப் போய்விட்டார். நானும் கம்பெனியை விட்டு விலகி, மணப்பாறை ரோட்டில் கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை வைத்தேன். எனக்கு இப்போது நாற்பத்தாறு. இங்கே வட்டம் போட ஆள் கிடையாது. சில நாள் அது நிம்மதியாக இருக்கிறது, பல நாள் இல்லை.

போன வாரம் மேடத்திடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. துப்பாக்கி இல்லை, ஆளும் இல்லை. ஒரு மலைச்சரிவு. காய்ந்த புல், பாறை, மேலே கொஞ்சம் பனி. கீழே ஒரு வரி: "எத்தனை தெரியுது தம்பி?"

பட்டறையை விட்டு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாறை மேல் ஒன்று, தள்ளி இன்னொன்று. இரண்டு என்று அனுப்பினேன்.

"மூணு. நல்லாப் பாருங்க. வலது பக்கம் பெரிய கல்லுக்குக் கீழ குட்டி படுத்திருக்கு. பைனாகுலர்ல ஒரு மணி நேரம் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்."

விரலால் பெரிதாக்கினேன். போனைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டே கொண்டுவந்தேன். எனக்கு அது கல்லாகவே இருந்தது. கேட்டுக்கு அளவு கொடுக்க ஆள் வந்து நின்றிருந்தார், நேரமில்லை. "ஆமா மேடம், இப்ப தெரியுது" என்று அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது.

"பொய். புத்தூர் போய்க் கண்ணைக் காட்டுங்க."

திங்கட்கிழமை பட்டறைக்கு லீவு விட்டிருக்கிறேன்.